காஷ்மீரி கேட்டில் ஓர் எஞ்சினுக்கு என்ன விலை?

உத்தரவாதம் முடிந்த காரின் எஞ்சின் கைவிட்டால் தில்லிவாசிகள் கடைசியில் வந்து நிற்பது பழைய மதில் வாசலுக்குப் பின்னால் உள்ள சந்துகளில்தான். அங்கே லட்சத்தை மிச்சப்படுத்தலாம், பறிகொடுக்கவும் செய்யலாம்.

1857 செப்டம்பர் 14 காலை பிரிட்டிஷ் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்த வாசல் இது. ஷாஜகானாபாத்தின் மதிலில் காஷ்மீரத் திசையைப் பார்த்து நின்றதால் காஷ்மீரி கேட் என்று பெயர். குண்டு துளைத்த அடையாளங்களோடு இரட்டை வளைவு வாசல் இன்னும் நிற்கிறது. ஆனால் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு பக்கம் மாநிலங்களுக்கு இடையிலான பஸ் நிலையம். மறுபக்கம் மூன்று மெட்ரோ பாதைகள் சந்திக்கும் ரயில் நிலையம். நடுவே தலையில் கிளட்ச் பெட்டியைச் சுமந்து ஓடும் கூலிகள், சைலன்சர் ஏற்றிய சைக்கிள் ரிக்‌ஷாக்கள், நகரவே நகராத டெம்போக்கள்.

அன்றைய தாக்குதலில் குண்டடி பட்டு ஒன்பதாம் நாள் இறந்துபோன தளபதி ஜான் நிக்கல்சனின் பெயரில் இங்கே ஒரு சாலை இருக்கிறது. அதில் இன்று பிரேக் ஷூவும் ஷாக் அப்சார்பரும் விற்கிறார்கள். ஹாமில்டன் ரோடு, லோதியன் ரோடு, மோரி கேட் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரீஸ் வாசனை. 1836ல் ஜேம்ஸ் ஸ்கின்னர் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் மஞ்சள் குவிமாடம் மட்டும் மரங்களுக்கு மேலே அமைதியாகத் தெரிகிறது. கன்னாட் பிளேஸ் எழும்புவதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் கடை வீதி உலா வந்த இடம் இது. இன்று வட இந்தியாவின் பாதி கார்களுக்கு இங்கிருந்துதான் மருந்து போகிறது.

கடைகள் பெரும்பாலும் பத்தடி அகலம்தான். ஒரு கடையில் ஒரு கம்பெனி காரின் பாகங்கள் மட்டும். இன்னொன்றில் எல்லாக் கம்பெனிக்கும் பேரிங் மட்டும். மூன்றாவதில் காஸ்கெட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. சுவரில் தரை முதல் கூரை வரை காஸ்கெட்டுகள் தோசைக்கல் போல ஆணியில் தொங்குகின்றன. முதலாளி ஏணி போடச் சொல்லாமலேயே எது எங்கே என்று சொல்லிவிடுகிறார். மொத்த வியாபாரம்தான் இங்கே உயிர். லூதியானாவுக்கும் கோரக்பூருக்கும் டிரான்ஸ்போர்ட்டில் மூட்டைகள் போகின்றன. சில்லறைக்கு வருகிறவனை ‘பார்ட்டி’ என்று அழைக்க மாட்டார்கள். ஓரமாக நிற்கச் சொல்வார்கள்.

அப்படி ஓரமாக நின்றவர்களில் நானும் ஒருவன். 2018 மார்ச்சில் வாங்கிய சிறிய டீசல் கார். ஏழு ஆண்டுக் கடன் 2025 மார்ச்சில்தான் முடிந்தது. கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டி ஐந்தாம் ஆண்டோடு முடிந்திருந்தது. அக்டோபரில் ஜெய்ப்பூரிலிருந்து திரும்பும்போது வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, லாரியில் ஏற்றித் தில்லி வந்து சேர்ந்தோம். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் கலந்த டீயின் நிறம். காருக்கு அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் ரேடியேட்டர் டப்பா காலி.

தென் தில்லியில் உள்ள அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் எஞ்சினைத் திறக்காமலேயே மதிப்பீடு அச்சடித்துக் கொடுத்தார்கள். பாதி எஞ்சினும் ஹெட்டும் புதிதாக மாற்ற வேண்டும், ரூ. 1.84 லட்சம். வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் பழைய கார் வியாபாரி தரத் தயாராக இருந்த விலை மூன்றே கால் லட்சம். ஓடாத நிலையில் தொண்ணூறாயிரம். எந்தக் கணக்குப் போட்டாலும் நஷ்டத்தின் அளவுதான் மாறியது.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், அல்லது வந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். காஷ்மீரி கேட் கற்றுத் தருகிற முதல் பாடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே இரண்டாவது கருத்தைக் கேட்டுவிட வேண்டும். திறந்தபிறகு கார் அவர்கள் கையில் பணயம். வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம் என்றால் பிரித்துப் பார்த்த கூலி, திரும்ப மூட்டும் கூலி, நிறுத்தி வைத்த வாடகை என்று பில் நீளும். திறக்காத வரையில் பேரம் பேசும் உரிமை உங்களிடம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மலையாள நண்பர் காட்டிய மிஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. குளிர்நீர்க் குழாய்களில் காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்த்தார். பிறகு நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்தார். முதலும் நான்காவதும் நன்றாக இருந்தன. அடுத்தடுத்து இருக்கும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அழுத்தம் குறைவு. அப்படி இருந்தால் பிஸ்டன் தேய்ந்திருப்பதைவிட, அந்த இரண்டுக்கும் நடுவே ஹெட் காஸ்கெட் போயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது தொழில் தெரிந்தவர்கள் கணக்கு. இந்தச் சோதனைகளுக்குச் செலவு ரூ. 2,500. சர்வீஸ் சென்டரில் இதைச் செய்திருக்கவில்லை.

ஹெட்டைக் கழற்றியபோது அவர் கணிப்பு சரியாக இருந்தது. நேர்ச்சட்டத்தை வைத்து, இடைவெளியில் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்த்தார். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருந்தது, 0.15 மில்லிமீட்டர். பெரும்பாலான எஞ்சின்களில் 0.05 முதல் 0.1 வரைதான் பொறுக்கும். சிலிண்டர் சுவர்களில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் அழியாமல் இருந்தன. அதாவது, மாற்றச் சொன்ன பாதி எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புது காஸ்கெட் போட்டால் ஆறு மாதத்தில் அதுவும் போகும். டீசல் வண்டிகளில் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ‘ஈஜிஆர் கூலர்’ என்ற பாகம் உண்டு. அதன் உள்ளே விரிசல் விட்டால் தண்ணீர் புகைக்குழாய் வழியே ஆவியாகிப் போய்விடும், தரையில் சொட்டாது. காலையில் வந்துகொண்டிருந்த வெள்ளைப் புகைக்குக் காரணம் அதுதான். தண்ணீர் குறைந்தது, எஞ்சின் சூடேறியது, ஹெட் வளைந்தது, காஸ்கெட் போனது. ஒரு கைப்பிடி அளவுள்ள பாகத்தில் தொடங்கிய விவகாரம் இது. (வெள்ளைப் புகை பெரும்பாலும் தண்ணீர், நீலப் புகை ஆயில், கரும்புகை எரியாத டீசல் என்பதை ஒவ்வொரு கார்க்காரரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.)

பட்டியலோடு காஷ்மீரி கேட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு பாடம். ஒரே பாகத்துக்கு மூன்று விலை. கார் கம்பெனியின் முத்திரை போட்ட பெட்டியில் இருப்பது ‘கம்பெனி மால்’. கார் கம்பெனிக்கு அதைத் தயாரித்துக் கொடுக்கும் உதிரிபாக நிறுவனமே தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது. பல சமயம் பொருள் ஒன்றுதான், பெட்டிதான் வேறு, விலை குறைவு. மூன்றாவது, எவரோ எங்கேயோ செய்தது. அதிலும் அசல் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகள் உண்டு. ஹோலோகிராம்கூட ஒட்டியிருக்கும். ஜிஎஸ்டி எண்ணோடு ‘பக்கா பில்’ கேட்டால் சில கடைக்காரர்களின் முகம் மாறும். மாறுகிற கடையில் வாங்காமல் இருப்பது உத்தமம். உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பில் இல்லாமல் வாங்கும் ஆசைக்குக் காரணமும் குறைந்திருக்கிறது.

அந்த இரண்டாவது வகைப் பெட்டிகளைப் புரட்டிப் பார்க்கும் தமிழனுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி காத்திருக்கிறது. சென்னை செம்பியத்தின் பிஸ்டன், பாடியில் செய்த ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிரேக்கும், கோயமுத்தூரின் மீட்டர், ரானேயின் வால்வு என்று முகவரிகளெல்லாம் ஊர்ப் பக்கமாகவே இருக்கின்றன. ‘மதராஸ் கா மால்’ என்று சொல்லிக் கடைக்காரர் இரண்டு ரூபாய் கூடவே கேட்கிறார்.

இந்தச் சந்தைக்குள் கம்பெனி மால் தாராளமாக வந்துவிடவில்லை. தங்கள் பாகங்களை வெளிச் சந்தையில் விற்கவிடாமல் தடுத்ததாக 14 கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. ஆனாலும் காஷ்மீரி கேட்டில் ஈஜிஆர் கூலர் கேட்டு அலைந்தபோது ஏழாவது கடையில்தான் அசல் கிடைத்தது. பியட்டின் 1,248 சிசி மல்ட்டிஜெட் டீசல் எஞ்சினைப் பல கம்பெனிகள் தங்கள் கார்களில் பொருத்தியதால் அதற்கு ‘தேசிய எஞ்சின்’ என்றே பட்டப்பெயர். அதற்கு எந்தக் கடையிலும் எந்தப் பாகமும் கிடைக்கும். என் கார் எஞ்சினுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

காஸ்கெட் கடையில் கேட்ட முதல் கேள்வி: எத்தனை ஓட்டை? பல டீசல் எஞ்சின்களின் ஹெட் காஸ்கெட் இரண்டு மூன்று கனங்களில் வரும். ஓரத்தில் உள்ள சிறு ஓட்டைகளின் எண்ணிக்கையே கனத்தின் அடையாளம். பிஸ்டன் மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை அளந்து அதற்கேற்ற கனத்தைப் போட வேண்டும். தவறான கனம் போட்டால் பிஸ்டன் வால்வை முட்டலாம், அல்லது அழுத்தம் குறையலாம். எந்தக் காரணத்துக்காக மிஸ்திரி பழைய காஸ்கெட்டைக் கையில் கொடுத்தனுப்பினார் என்பது அப்போதுதான் விளங்கியது.

காஷ்மீரி கேட்டில் தேடியது கிடைக்காதவர்களும், கையில் பணம் இல்லாதவர்களும் அடுத்துப் போகும் இடம் மேற்குத் தில்லியின் மாயாபுரி. 1970களில் மோதியா கானிலிருந்து பழைய இரும்பு வியாபாரிகளை இடம் மாற்றி உருவாக்கிய பேட்டை. இங்கே கார்களைத் தோலுரித்து எஞ்சினாக, கியர் பெட்டியாக, கதவாகப் பிரித்துப் போடுகிறார்கள். நடைபாதையில் எஞ்சின்கள் வரிசையாகக் கிடக்கின்றன, அறுத்த ஆடுகள் மாதிரி. புது எஞ்சினின் விலையில் நாலில் ஒரு பங்குக்கு ‘ஓடின எஞ்சின்’ கிடைக்கும். அது எவ்வளவு ஓடியது என்பதற்கு கபாடியின் வாய்வார்த்தைதான் சாட்சி.

மாயாபுரிக்குள் எது வருகிறது என்று யாருக்கும் தெரியாது என்பதற்கு 2010 ஏப்ரல் சாட்சி. தில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவிக்குள் கோபால்ட்-60 கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. கருவியைப் பிரித்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒரு தொழிலாளி இறந்தார். 2019 ஏப்ரலில் மாசு காரணமாகப் பட்டறைகளுக்குச் சீல் வைக்க வந்த அதிகாரிகளோடு பெரிய மோதலே நடந்தது.

பழைய எஞ்சின் வாங்குகிறவர் கவலைப்பட வேண்டியது வேறு. அது திருட்டுக் காரின் எஞ்சினாக இருக்கலாம். தில்லியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உள்ள மீரட்டின் சோதிகஞ்ச் சந்தைக்கு இந்த விஷயத்தில் அகில இந்தியப் புகழ் இருந்தது. காலையில் திருடுபோன கார் மாலைக்குள் பாகங்களாகிவிடும் என்பார்கள். 2021 டிசம்பரில் போலீஸ் அந்தச் சந்தையை மூடியது. வாகனப் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ பதிவில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு விற்றவரின் பில்லும் பழைய வண்டியின் ஆவணமும் தேவை. இவை இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும், பின்னால் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும், போலீஸ் கேள்வி கேட்கவும் வழி திறந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் பலருக்கு ஒரு நப்பாசை வருகிறது. வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறுக்கோ தேய்மானத்துக்கோ பணம் தருவதில்லை. தனியாகப் பணம் கட்டி எடுக்கும் எஞ்சின் பாதுகாப்பு முக்கியமாக வெள்ளத்தில் தண்ணீர் புகுவது, அடிபட்டு ஆயில் ஒழுகுவது போன்றவற்றுக்குத்தான். 2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு இந்தக் காஷ்மீரி கேட் பஸ் நிலைய வட்டாரத்திலேயே வெள்ளம் புகுந்தபோது அது பலருக்குப் புரிந்தது. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. தண்ணீர் புகுந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

சட்டத்தின் கதவுகளையும் தட்டிப் பார்க்காமல் இருக்கக் கூடாது. வாரண்டி முடிந்தாலும், எல்லா சர்வீசையும் முறையாகச் செய்த வண்டி என்றால் கம்பெனிகள் நல்லெண்ண அடிப்படையில் பாகங்களின் விலையில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. வாரண்டி முடிந்து எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பொறுத்தது அது. சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகக் கேட்டால் கிடைக்காது. கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். நான் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: கூலியில் பத்து சதவீதம் தள்ளுபடி.

கட்டாயத் திரும்ப அழைப்புக்குச் சட்டத்தில் 2019ல் வழி செய்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். அதுவும் மனிதர்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கும் குறைகளுக்கு. பர்சுக்கு மட்டும் தீங்கு விளைவிக்கும் எஞ்சின் அந்தக் கணக்கில் வராது. கம்பெனி தானாகவே அழைத்திருக்கலாம் என்பதால், சேசிஸ் எண்ணை அதன் இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

மிச்சம் இருப்பது நுகர்வோர் ஆணையம். 2019ம் ஆண்டுச் சட்டப்படி ரூ. 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. வீடு இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். ஆனால், தயாரிப்பிலேயே குறை இருந்தது என்பதை நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்க வேண்டிய பாரம் வாங்கியவர் தலையில்தான். பழுதுபார்த்துப் பழைய பாகத்தைத் தூக்கி எறிந்தபிறகு நிரூபிக்க எதுவும் இருக்காது. எனவே வழக்குப் போடும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, திறக்கும்போது படம் எடுக்க வேண்டும், மதிப்பீட்டைக் கையெழுத்தோடு வாங்க வேண்டும், பழைய பாகங்களைக் கேட்டு எடுத்து வர வேண்டும்.

தில்லியில் இவ்வளவுக்கும் மேலே இன்னொரு கணக்கு இருக்கிறது. சென்னையிலோ புனேயிலோ இருப்பவர்களுக்கு அது இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஏற்றபிறகு, தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்றானது. 2025 ஜூலையில் பெட்ரோல் பங்குகளில் அவற்றுக்கு எரிபொருள் மறுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஏழரை வயது டீசல் காருக்கு ரூ. 1.84 லட்சம் செலவழிப்பதா என்ற கேள்விக்கு எஞ்சினைவிட நீதிமன்றத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டரை ஆண்டு ஓடினால் மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் விழுகிறது. பத்து ஆண்டு தாண்டி ஓட அனுமதி கிடைத்தால் பாதியாகும்.

இதே காரணத்தால்தான் கரோல் பாக் பழைய கார் சந்தையில் எட்டு வயது டீசல் கார்களுக்குத் தில்லிக்காரர்கள் யாரும் விலை கேட்பதில்லை. தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு அவை வேறு மாநிலங்களுக்குப் போகின்றன. அங்கே அவற்றுக்கு இன்னொரு வாழ்க்கை.

எங்கள் கணக்கு கடைசியில் இப்படி முடிந்தது. ஈஜிஆர் கூலர் ரூ. 21,500. காஸ்கெட்டுகள் 7,400. இழுபட்ட ஹெட் போல்ட்டுகளை மறுபடி போடக்கூடாது என்பதால் புதியவை 2,600. ஹெட்டை விரிசல் சோதனை செய்து, தளம் சீவியதற்கு 3,500. தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் 6,200. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 5,800. மிஸ்திரியின் கூலி 16,000. முதல் சோதனையையும் சேர்த்து மொத்தம் ரூ. 65,500. பதினோரு நாள் ஆனது. கம்பெனியின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அங்கே ஓராண்டு உத்தரவாதம் எழுத்தில் தருகிறார்கள், இங்கே மிஸ்திரியின் சொல் மட்டும். அந்த வித்தியாசத்துக்கும் ஒரு விலை உண்டு. நெடுந்தூரப் பயணம் போகிறவர்களும் அலைய நேரம் இல்லாதவர்களும் அந்த விலையைக் கொடுப்பதில் தவறில்லை.

காஷ்மீரி கேட்டுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இல்லை. காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோவில் போங்கள். பழைய பாகத்தையும் சேசிஸ் எண்ணையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் மூன்று கடையில் விலை மட்டும் கேளுங்கள். மிஸ்திரி துணைக்கு வந்தால் நல்லது. ஆனால் கடைக்காரர் அவருக்குத் தரும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். பாகம் கிடைத்துவிட்டால் திரும்பும் வழியில் ஸ்கின்னரின் தேவாலயத்துக்குள் பத்து நிமிடம் உட்காருங்கள். இந்த வட்டாரத்தில் ஹாரன் சத்தம் குறைவாகக் கேட்கும் ஒரே இடம் அதுதான்.